தரிசுக்குக் காரணம் கேட்போம்



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் கரிசற்காடு வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை வாய்த்தால் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் விளையும். பொய்த்தால் விதையும் உழைப்பும் ஒருங்கே போகும். இவ்வட்டாரத்தில் சீமைக்கருவேலம் மண்டிய தரிசுகளை இன்று எங்கும் காண்கிறோம்.

அம்மரத்தை அகற்றுதல் நன்றே. ஆயினும் அதனை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் நம்மிடையே உள. ஆதலின் கோடரிக்கு முன்னே விசாரணை வேண்டும்.

அதற்கு ஆதாரமான ஏடு முன்னரே உண்டு. ஜூலை 1-இல் தொடங்கும் பசலி ஆண்டுதோறும், கிராம அடங்கலில் புல எண் வாரியாகப் பயிர் பதிவாகிறது. அவ்வாண்டு மட்டும் விதையாதது நடப்புத் தரிசு. ஓராண்டுக்கு மேல் 5 ஆண்டுகள் வரை கிடப்பது பிற தரிசு. அதனையும் கடந்த நிலத்தை மீட்பது அரிதாகிவிடும்.

தரிசு என்று ஏடு கூறும், காரணம் கூறாது. மழையா, கூலியாள் இன்மையா, காட்டுப்பன்றியா, உடையவர் நூற்பாலைக்கோ வெளியூருக்கோ சென்றமையா என்பதை வீடுதோறும் கேட்டே அறிதல் வேண்டும். உழுவாரற்ற நிலத்துக்கு விதை மானியம் பயன் தராது. பன்றி புகும் புன்செய்க்கு முதற்தேவை காவலே.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் இக்கணக்கெடுப்பைத் தீர்மானிப்போம். புரட்டாசி விதைப்புக்கு முன்னர் முடித்து, அக்டோபர் 2 சபையில் படிப்போம். கரிமூட்டக் குடும்பங்களையும் அச்சபைக்கு அழைப்போம். நம் நிலத்தின் நிலையை நாமே அறிந்தால், கேட்க வேண்டிய உதவியைத் தெளிவாகக் கேட்கலாம்.