போய் வந்தவர் கதை சொல்ல வேண்டும்



இன்று பட்டம் பெறுவோரில் சிலர் மேற்படிப்புக்காகக் கடல் கடந்து போகிறீர்கள். பிற நாடுகளிலிருந்து இங்கே வந்து படித்து, ஊர் திரும்பப் போகிறவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். மற்றவர்கள் இங்கேயே வேலையும் வாழ்க்கையும் தேடப் போகிறீர்கள். உங்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு கடமையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். படிக்கப் போனவர் தாம் கண்டதைக் கதையாகச் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பவர் அதை விடாமல் கேட்டு வாங்க வேண்டும்.

சீனத் துறவி யுவான் சுவாங்கைப் பயணி என்றுதான் பள்ளியில் படித்தோம். அவர் புறப்பட்டது மாணவராக. பௌத்த நூல்களில் தமக்கிருந்த ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள, அரச அனுமதிகூட இல்லாமல் 629-ஆம் ஆண்டில் சீனாவை விட்டுக் கிளம்பினார். பாலைவனத்தையும் பனிமலைகளையும் தாண்டி, புகழ்பெற்ற பௌத்தக் கல்விக்கூடமான நாளந்தாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே வாயிற்காவலரே கடினமான கேள்விகள் கேட்பார். வாதிட வரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் தோற்றுத் திரும்புவார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

உள்ளே அவருக்குக் கிடைத்த விருந்தோம்பலை அவருடைய சீடர் ஹுய்லி பதிவு செய்திருக்கிறார். நாள்தோறும் 120 வெற்றிலை, 20 பாக்கு, 20 சாதிக்காய், கொஞ்சம் கற்பூரம், மகாசாலி என்ற உயர்ந்த அரிசி. அந்த அரிசி கறுப்புப் பயற்றைவிடப் பெரியதாம், சமைத்தால் மணக்குமாம். அயல்நாட்டு மாணவர் ஒருவருக்கு ஒரு கல்விக்கூடம் வெற்றிலை பாக்கு வைத்து மரியாதை செய்தது 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் நமக்குத் தெரிகிறது. அவர் சொன்னார், சீடர் எழுதினார், அதனால் தெரிகிறது.

அவருக்குப் பாடம் சொன்னவர் நாளந்தாவின் தலைவர் சீலபத்திரர், கிழக்கு வங்கத்தைச் சேர்ந்தவர். சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர், நம் காஞ்சிபுரத்துக்காரர். காஞ்சியிலிருந்து போன ஓர் இளைஞர் வங்கத்துக்காரருக்குக் கற்பிக்க, அவர் சீனத்துக்காரருக்குக் கற்பித்தார். பின்னாளில் யுவான் சுவாங் காஞ்சிக்கே வந்து, இது தர்மபாலர் பிறந்த ஊர் என்று குறித்துக்கொண்டார். தம் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊரைக் குறித்துவைத்த அந்த மாணவரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

645-இல் அவர் ஊர் திரும்பியபோது 20 குதிரைகள் 657 நூல்களைச் சுமந்து வந்தன. சீனப் பேரரசர் தைசோங் அவரிடம், கண்ட நாடுகளைப் பற்றி எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லப் பியான்ஜி என்ற துறவி தொகுக்க, மறு ஆண்டே நூல் ஆயிற்று.

அந்த நூலின் பலனைப் பாருங்கள். நாளந்தா அழிந்தது; மண் மூடியது; இடமே மறந்துபோனது. 1861-62-இல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம், யுவான் சுவாங் குறித்திருந்த திசைகளையும் தூரங்களையும் துணையாகக் கொண்டு, பீகாரின் பட்காவ் மேடுகளே நாளந்தா என்று அடையாளம் காட்டினார். படிக்க வந்தவர் சொன்ன கதையே, படிக்க இடம் கொடுத்த பள்ளியை மீட்டுத் தந்தது.

ஊர் திரும்பியதோடு உறவும் முடிந்துவிடவில்லை. 652-இல் புத்தகயையிலிருந்து பழைய நண்பர்கள் இரண்டு வெள்ளைத் துணிகளோடு அவருக்குக் கடிதம் அனுப்பினார்கள். 654-இல் எழுதிய பதிலில், சீலபத்திரரின் மறைவுக்கு அவர் வருந்தினார். சிந்து நதியைக் கடக்கும்போது ஆற்றோடு போன நூல்களின் பட்டியலையும் இணைத்து, மீண்டும் அனுப்பித் தரும்படி கேட்டுக்கொண்டார்.

வெளிநாடு போகும் செல்வங்களே, ஊர் திரும்பியதும் சம்பளத்தையும் சாலைகளின் அழகையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பேராசிரியர் பிழையை எப்படித் திருத்தினார், நூலகத்தில் இரவு எத்தனை மணி வரை விளக்கு எரிந்தது, உடன் தங்கியவர் தம் பண்டிகைக்கு என்ன சமைத்தார், எந்தக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியவில்லை என்பதையெல்லாம் சொல்லுங்கள். அவமானப்பட்ட நாளையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெருமையை மட்டும் கேட்டு வளரும் தம்பி தங்கைகள், அங்கே போய்த் தடுமாறும்போது தங்களையே நொந்துகொள்வார்கள்.

இங்கிருந்து விடைபெறும் அயல்நாட்டு நண்பர்களே, எங்கள் வகுப்பறையைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் உங்கள் வீட்டில் பேசுங்கள். எங்கள் குறைகளையும் சொல்லுங்கள். இங்கே உங்களுக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கடிதம் எழுதுங்கள், வேண்டியதைக் கேளுங்கள்.

ஊரில் இருக்கப் போகிறவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். தைசோங் கேட்டதால்தான் அந்த நூல் பிறந்தது. போய் வந்த பிள்ளையிடம் “எவ்வளவு சம்பாதித்தாய்?” என்று கேட்கும் முன், “என்ன கற்றாய், யாரிடம் கற்றாய்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை இறுதிவரை கேளுங்கள்.

துணைவேந்தர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: படித்துத் திரும்பியவர்களும் இங்கே படிக்க வந்தவர்களும் மாணவர் முன் தங்கள் கதையைச் சொல்ல ஒவ்வொரு பருவத்திலும் ஒரு மாலையை ஒதுக்குங்கள். அதைத் தமிழில் எழுதி நூலகத்தில் சேருங்கள். இன்று பட்டம் பெறும் நீங்களே அந்த வரிசையில் முதலில் பேச வர வேண்டும். வாருங்கள், முழுக்கதையையும் சொல்லுங்கள்.