'புட் அப்': ஒரு வினை, பல பொருள்



நம்மில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கிலம் கற்பவர்கள். ஐயம் எழுந்தால் கேட்பதற்கு வீட்டில் ஆளில்லை. அகராதியே நமக்கு ஆசான். ஆனால் 'புட்' என்றால் 'வை', 'அப்' என்றால் 'மேலே' என்று தனித்தனியே பொருள் கண்டு கூட்டினால், 'புட் அப்' வரும் பல வாக்கியங்களில் இடறி விழுவோம்.

இது நமக்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று. வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் இம்முறை அயலாருக்குப் பெரிதும் கடினமானது என்று, 1755ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் எழுதினார். தமிழில் 'கைவிடு' என்பதைக் கையையும் விடுதலையும் கூட்டியா பொருள் கொள்கிறோம்? இதுவும் அத்தகையதே.

கையை உயர்த்துவதும், கூடாரம் எழுப்புவதும், சுவரில் அறிவிப்பு ஒட்டுவதும் 'புட் அப்' ஆகும். விருந்தினரை இரவு தங்க வைப்பதும், ஒரு முயற்சிக்குப் பணம் இடுவதும் அதுவே. நம் நாட்டு அலுவலகங்களிலோ, கோப்பினை மேலதிகாரியின் ஆணைக்கு வைப்பதற்கும் இச்சொல்லே வழங்குகிறது. எழுத்தர் பணியை நாடும் இளைஞர்கள் இதனைக் கருத்திற் கொள்க.

சொல் நிற்கும் இடமும் முக்கியம். 'புட் அப் எ டென்ட்', 'புட் எ டென்ட் அப்' இரண்டும் சரியே. ஆனால் 'இட்' என்னும் சுட்டுப்பெயர் வருமாயின் அது நடுவில்தான் நிற்கும்: 'புட் இட் அப்'. இறந்த காலத்திலும் 'புட்' என்பது மாறாது.

இனி, 'வித்' என்னும் சொல் இறுதியில் சேர்ந்தால் பொருள் தலைகீழாகும். 'புட் அப் வித்' என்பது பொறுத்துக்கொள்ளுதல். இதனை இடையிற் பிரித்தல் ஆகாது. 'புட் அப் வித் இட்' என்றே எழுதவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். அண்ணல் அம்பேத்கர் 1936இல் நிறுவிய சுதந்திரத் தொழிலாளர் கட்சி, 1937ஆம் ஆண்டுப் பம்பாய் மாகாணத் தேர்தலில் வேட்பாளர்களை நிறுத்தியது. 'தி பார்ட்டி புட் அப் கேண்டிடேட்ஸ்' என்பது சரியான வாக்கியம். 'வித்' ஒன்றை இடையே நுழைத்துவிட்டால், கட்சி தன் வேட்பாளர்களைச் சகித்துக்கொண்டது என்றாகிவிடும்!

அதுபோலவே, 'புட் அப் வித் இன்ஜஸ்டிஸ்' என்றால் அநீதியைப் பொறுத்துக்கொள்ளுதல். 'புட் அப் எ ஃபைட் அகைன்ஸ்ட் இன்ஜஸ்டிஸ்' என்றால் அநீதியை எதிர்த்து நின்று போராடுதல். இரண்டிற்கும் தொடக்கம் ஒன்றே, முடிவோ எதிரெதிர். நம் வரலாற்றை நாம் ஆங்கிலத்தில் எழுதும் நாளில், எதிர்த்து நின்றவரைப் பொறுத்துக் கிடந்தவராகக் காட்டிவிடக் கூடாதன்றோ?

ஆகவே இளைஞர்களே, சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யாதீர்கள். அது வரும் வாக்கியத்தை முழுமையாகக் குறிப்பேட்டில் எழுதி, நாள்தோறும் ஒன்றாகப் பயிலுங்கள். எதனைப் பொறுப்போம், எதனைப் பொறோம் என்பதை எம்மொழியிலும் பிழையறச் சொல்லும் ஆற்றலை நாம் பெறுவோமாக.