1981க்கு முன்பும் புள்ளிகள் விழுந்தன



கூடைப்பந்து ஆடிப் பழகியவர்களும் புள்ளியியலைப் பாடமாக நடத்துபவர்களும் சரிபாதியாக அமர்ந்திருக்கும் அவை இது. இரண்டிலும் அரைகுறையான ஒருவரைத் தலைமைக்கு அழைத்தால் எந்தத் தரப்புக்கும் மனத்தாங்கல் வராது என்று அமைப்பாளர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். எப்படிப் போட்ட கணக்கானாலும் எனக்கு இது பெருமைதான். ஆனால் முன்வரிசையைப் பார்க்கும்போது தொண்டை கொஞ்சம் வறள்கிறது. என் கட்டுரைகளுக்கு மறுப்பு எழுதிய நண்பர்கள் அங்கே கையில் பேனாவோடு அமர்ந்திருக்கிறார்கள்.

அழைப்பிதழில் அச்சிட்டிருக்கும் பொருள் ‘அமெரிக்க மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தின் தொடக்ககாலப் புள்ளிவிவரங்கள்: தோற்றமும் வளர்ச்சியும்’ என்பது. இப்படித் தலைப்பு வைத்துவிட்டால் தலைமை உரை 1891இல் புறப்பட்டு இன்றுவரை நடந்து வந்தாக வேண்டும். அந்த நடையைச் சுருக்கிக்கொள்கிறேன். ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித் கூடை மாட்டிய கதையும், அடுத்த ஆண்டே பக்கத்து ஊரான நார்தாம்ப்டனில் ஸ்மித் கல்லூரியின் செண்டா பெரன்சன் அதை மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்த கதையும் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். 1893 மார்ச்சில் இரண்டாமாண்டு மாணவிகள் முதலாமாண்டு மாணவிகளை 5-4 என்று வென்றதும், 1896 ஏப்ரல் 4 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்ட் அணி கலிஃபோர்னியா அணியை 2-1 என்று வென்றதும் அப்படியே. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சான் பிரான்சிஸ்கோ ஆட்டத்துக்குள் ஆண்களை விடவில்லை. அதனால் பத்திரிகைகள் பெண்களை அனுப்பித்தான் செய்தி எழுதின. கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் மகளிர் ஆட்டத்தின் பதிவு பெண்கள் கையால் எழுதப்பட்டது. இந்தத் துறையின் மூத்த ஆவணக்காரர்கள் அவர்கள்தான்.

பெரன்சன் விதிகளால் புள்ளிவிவரத்துக்கு நேர்ந்ததை நாம் போதுமான அளவு பேசியதில்லை. அவர் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்; ஒருத்தி தன் பகுதியை விட்டு வெளியே போகக் கூடாது. 1938இல் மூன்று இரண்டானது: ஒரு பாதியில் மூன்று முன்வரிசைக்காரர்கள், மறு பாதியில் மூன்று தடுப்பாட்டக்காரர்கள். தடுப்பாட்டக்காரி கோட்டைத் தாண்ட முடியாது என்றால் கூடையில் பந்து போடவும் முடியாது. நான்கு ஆண்டுகள் கல்லூரிக்கு ஆடிய ஒருத்தியின் பெயருக்கு நேரே வரிசையாகச் சுழியம்தான் இருக்கும். ரீபவுண்டையும் பந்துப் பறிப்பையும் யாரும் எண்ணாத காலம் அது. ஆக, ஏட்டில் அவள் செய்ததாக மிஞ்சுவது அவள் செய்த ஃபவுல்கள் மட்டுமே. இந்தச் சுழியங்களைச் சராசரியில் சேர்க்கும் ஆய்வுகள் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன. பெயர் சொல்லமாட்டேன், சொந்தக்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்து, 1920கள் முதல் 1950கள் வரையிலான வெற்றிடம். அந்தக் காலத்துத் தாள்கள் தொலைந்துவிட்டன என்று பொதுவாக எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் அவை எழுதப்படவே இல்லை. கல்லூரிப் பெண்களுக்குப் போட்டி ஆகாது என்று உடற்கல்விப் பேராசிரியைகளே முடிவு செய்திருந்தார்கள். பல கல்லூரிகளின் மாணவிகளைக் கலந்து, புதிய அணிகளாகப் பிரித்து, ஆடவைத்து, தேநீர் கொடுத்து அனுப்பும் ‘ப்ளே டே’க்கள் வந்தன. கல்லூரிக்கே அணி இல்லாதபோது கல்லூரிக் கணக்கு எங்கிருந்து வரும்? மிசிசிப்பியில் டெல்டா ஸ்டேட் கல்லூரி 1930களின் தொடக்கத்தில், இந்த ஆட்டத்தைப் பெண்களின் உடம்பு தாங்காது என்று மகளிர் அணியைக் கலைத்தது. மார்கரெட் வேடும் அவருடைய தோழிகளும் அழுதுகொண்டே சீருடைகளைக் கொளுத்தினார்கள். அதே கல்லூரி 1973இல் அணியைத் திரும்பத் தொடங்கியபோது பயிற்சியாளராக வந்தவர் அதே வேட். 1975, 1976, 1977 என்று தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்கள். இடையில் கிடந்த நாற்பது ஆண்டு வெற்றுப் பக்கம் தற்செயலாக நேர்ந்ததா?

அந்த ஆண்டுகளிலும் எல்லா இடத்திலும் ஆட்டம் நின்றுவிடவில்லை. வட கரோலினாவில் கறுப்பினப் பெண்களுக்கான பென்னெட் கல்லூரி 1934இல் ஓரா வாஷிங்டன் இருந்த ஃபிலடெல்ஃபியா ட்ரிப்யூன் அணியோடு ஒரு தொடரே ஆடியது. அதை எழுதி வைத்தவை கறுப்பின மக்களின் செய்தித்தாள்கள். நம் நூற்பட்டியல்களில் அந்தத் தாள்கள் ஏன் இவ்வளவு கீழே இருக்கின்றன என்று கேட்டுவிட்டு நகர்கிறேன்.

இனி நான் பேச வந்த விஷயம். கல்லூரி மகளிர் விளையாட்டை 1971 முதல் நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற அமைப்பு. முழு ஆடுகளத்தில் ஐவர் ஆடும் ஆட்டம் கல்லூரிப் பெண்களுக்கு முறைப்படி வந்ததும் அதே 1971இல்தான். பத்தாண்டு கழித்து, 1981-82 சீசனில், என்.சி.ஏ.ஏ. என்ற வேறோர் அமைப்பு மகளிர் பட்டப் போட்டிகளைத் தொடங்கியது. 1982 மார்ச்சில் நாட்டுக்கு இரண்டு சாம்பியன்கள்: ஏ.ஐ.ஏ.டபிள்யூ. பட்டம் ரட்கர்ஸுக்கு, என்.சி.ஏ.ஏ. பட்டம் லூசியானா டெக்குக்கு. அதோடு பழைய அமைப்பு கடையை மூடியது. புதிய அமைப்பின் சாதனைப் புத்தகம் வீராங்கனைகளின் கணக்கை 1981-82இலிருந்து எழுதத் தொடங்கியது.

அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன மாறியிருந்தது? பந்து மாறவில்லை. மகளிருக்கான சிறிய பந்து வந்தது 1984-85இல். மூன்று புள்ளிக் கோடு வரவில்லை. அது 1987-88இல். ஆடியவர்களும் மாறவில்லை. 1981இல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. பட்டம் வென்றதும் அதே லூசியானா டெக்தான். நிலம் அதே நிலம், பட்டாவில் பெயர்தான் மாறியது. பட்டா மாறிய நாளிலிருந்துதான் அங்கே பயிர் விளைந்தது என்று எந்த ஊர்க் கர்ணமும் எழுதமாட்டார்.

கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய லினெட் வுடார்ட் 1981இல் படிப்பை முடித்தபோது 139 ஆட்டங்களில் 3,649 புள்ளிகள் எடுத்திருந்தார். நெய்ஸ்மித் 1898 முதல் வாழ்ந்து பணியாற்றிய வளாகம் அது; கூடைப்பந்துக் கணக்கு எழுதத் தெரியாத இடம் என்று யாரும் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரி 15 அன்று அயோவாவின் கெய்ட்லின் கிளார்க், என்.சி.ஏ.ஏ. ஏட்டில் முதலிடத்தில் இருந்த கெல்சி பிளமின் 3,527ஐக் கடந்தார். மகளிர் சாதனை முறிந்தது என்று அறிவித்தார்கள். வுடார்டின் எண் அதற்கும் 122 புள்ளிகள் மேலே இருந்தது. அதை அவர் மினசோட்டாவில் பிப்ரவரி 28 அன்றுதான் தாண்டினார். அயோவாவின் பயிற்சியாளர் லிசா புளூடருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. வுடார்டின் எண்ணே உண்மையான இலக்கு என்று வெளிப்படையாகப் பேசினார். ஆய்வாளர்களான நாம் சொல்லியிருக்க வேண்டியதைப் பயிற்சியாளர் ஒருவர் சொன்னார்.

அதே ஆண்டு ஜனவரி 21 அன்று, அதாவது பிளமின் எண்ணைக் கிளார்க் கடப்பதற்கு 25 நாட்களுக்கு முன்பு, ஸ்டான்ஃபோர்டின் பயிற்சியாளர் டாரா வேன்டெர்வீர் 1,203ஆவது வெற்றியைப் பெற்று மைக் ஷிஷெவ்ஸ்கியின் 1,202ஐக் கடந்தார். கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண், பெண் எவரும் பெறாத எண்ணிக்கை என்று கொண்டாடினார்கள்; கொண்டாட வேண்டியதுதான். அந்த 1,203இல் அவர் 1978 முதல் ஐடஹோவில் பெற்ற வெற்றிகளும் அடக்கம். பாட் சம்மிட்டின் 1,098 வெற்றிகளிலும் 1974 தொடங்கி டென்னசியில் பெற்றவை சேர்ந்திருக்கின்றன. அந்தத் தொடக்க ஆண்டுகளின் வெற்றிகள் எல்லாம் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. காலத்தவை. பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார்ந்து பெற்ற வெற்றி கோட்டைத் தாண்டி வந்துவிட்டது. அந்த வெற்றியை ஆடுகளத்தில் புள்ளி புள்ளியாகச் சேர்த்த மாணவியின் எண் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆட்டத்தின் முடிவை நம்பலாம், ஆனால் அந்த முடிவு எந்தக் கூட்டலால் வந்ததோ அதை நம்பக் கூடாது என்றால், புள்ளியியல் நடத்தும் நண்பர்கள் எனக்கு அதை விளக்க வேண்டும்.

விளக்கியிருக்கிறார்கள். ஒரு நண்பர் என் வாதத்தை ‘பரிவால் செய்யும் கூட்டல்’ என்று மதிப்புரையில் எழுதினார். நல்ல தொடர், பொறாமையாகக்கூட இருந்தது. பழைய பதிவுகள் முழுமையாக இல்லை, சரிபார்க்க வழியில்லை என்பது அவர் தரப்பு. அவர் ஸ்கோர் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டியிருந்தால் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்கமாட்டார்.

ஸ்கோர் புத்தகத்தைத்தான் இந்தத் துறை கண்டுகொள்ளாமல் விட்ட மூலம் என்று சொல்வேன். அதன் ஒரு பக்கத்தைப் பாருங்கள். இடது ஓரத்தில் பெயரும் எண்ணும். ஒவ்வொரு பெயருக்கு நேரே ஃபவுல் கட்டங்கள். ஒவ்வொரு ஃபவுலுக்கும் ஒன்று அடிபடும். பந்து கூடையில் விழுந்தால் 2. ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு சின்ன வட்டம். விழுந்தால் வட்டத்துக்குள் மை, தவறினால் வெறும் வட்டம். பக்கத்தின் விளிம்பில் ஓடும் மொத்தம், ஒன்று இரண்டு என்று வெட்டிக்கொண்டே போகும். வலது கோடியில் ஒவ்வொருத்தியின் கூட்டல். அந்தக் கூட்டல்களின் கூட்டல் விளிம்பில் ஓடிய மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் ஆட்டம் முடிந்ததும் மேசையில் சண்டை. எழுதும்போதே தணிக்கையும் நடக்கும் ஏடு இது. நம் அலுவலகப் பதிவேடுகள் பலவற்றுக்கு இந்த யோகம் கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இப்படி இரண்டு புத்தகங்கள் உண்டு. சொந்த மைதான அணியின் புத்தகம் அதிகாரபூர்வமானது. வந்த அணியும் தனக்கென்று ஒன்று எழுதும். கல்லூரி நூலகத்திலோ உடற்கல்வித் துறை அலமாரியிலோ ஒன்று போனாலும் மற்றொன்று வேறு ஊரில் கிடக்கும். மூன்றாவது சாட்சியாக மறுநாள் செய்தித்தாளின் பாக்ஸ் ஸ்கோர். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் ஏற்போம், ஒன்றே இருந்தால் குறியிட்டு ஏற்போம் என்று ஒரு விதி வைப்பதில் என்ன தடை?

முழுமை வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு பேஸ்பால்காரர்களைக் காட்டுவேன். 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக் கணக்குகளை 2024 மே மாதம் மேஜர் லீக் பேஸ்பால் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டது. ஜோஷ் கிப்சனின் .372, டை காபைக் கீழே இறக்கிவிட்டு மட்டைவீச்சுச் சராசரியில் முதலிடத்துக்கு வந்தது. எல்லா ஆட்டங்களின் தாள்களும் கிடைத்த பிறகு அது நடக்கவில்லை. கிடைத்ததை எடுத்து, தரம் பிரித்து, இன்னும் கிடைத்தால் திருத்துவோம் என்று சொல்லிச் செய்தார்கள்.

விதிகள் வேறு, ஒப்பிட முடியாது என்பது அடுத்த ஆட்சேபம். இதில் நியாயம் இருக்கிறது. கிளார்க் ஆடியதும் 139 ஆட்டங்கள்தான். எடுத்தவை 3,951 புள்ளிகள். அவற்றில் 548 கூடைகள் மூன்று புள்ளி எறிதல்கள். அந்தக் கூடுதல் ஒரு புள்ளியைக் கழித்தால் 3,403 என்று ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது வெறும் விளையாட்டு. கோடே இல்லாவிட்டால் அவர் அங்கிருந்து எறிந்திருக்கவேமாட்டார். ஆனால் விதி மாறினால் ஏடு மாறவேண்டும் என்பவர்கள் 1984-85இன் சிறிய பந்துக்கு ஒரு கோடு, 1987-88க்கு ஒரு கோடு, பாதிகள் போய்க் கால்பகுதிகள் வந்த 2015-16க்கு ஒரு கோடு என்று கிழித்துக்கொண்டே போகவேண்டும். அங்கெல்லாம் கிழிக்காமல், எந்த விதியும் புரளாத 1981இல் மட்டும் கிழிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஓல்ட் டொமினியனின் ஆன் டோனவன் 1979 முதல் 1983 வரை ஆடி 1,976 ரீபவுண்டுகளும் 801 தடுப்புகளும் எடுத்தார். அந்தக் கோடு அவருடைய கல்லூரி வாழ்க்கையைச் சரிபாதியாக வெட்டுகிறது. இரண்டாம் ஆண்டு முடிந்து கோடை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவர், திரும்பி வந்தபோது புதியவராகிவிட்டார்!

என் தரப்பு நண்பர்களையும் சும்மா விடுவதற்கில்லை. தென் கரோலினாவின் பேர்ல் மூர் 1975 முதல் 1979 வரை எடுத்த 4,061 புள்ளிகளைச் சொல்லி, அதுவே எல்லாவற்றுக்கும் மேலான எண் என்று முழங்குகிறோம். அதில் 177, ஆண்டர்சன் ஜூனியர் கல்லூரியில் எடுத்தவை. ஃபிரான்சிஸ் மேரியனில் எடுத்தவை 3,884. ஆண்கள் பக்கத்தில் பெவோ ஃபிரான்சிஸ் 1953இல் ஒரே ஆட்டத்தில் எடுத்த 116 புள்ளிகளை, எதிரணி ஜூனியர் கல்லூரி என்று சொல்லித் தள்ளினார்கள்; அடுத்த ஆண்டு ஹில்ஸ்டேலுக்கு எதிராக எடுத்த 113தான் நின்றது. அந்த அளவுகோலை ஏற்பதானால் மூருக்கு 3,884 என்று எழுதவேண்டும். ஏற்காவிட்டால் ஃபிரான்சிஸின் 116ஐத் திருப்பித் தரவேண்டும். நான் இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக அச்சிடச் சொல்வேன். 3,884ஆக எழுதினாலும் அது வுடார்டுக்கு மேலேதான் நிற்கிறது.

பெயர்ச் சிக்கல் என்று ஒரு தனிக் கட்டுரை நாளை பிற்பகல் வருகிறது. அதனால் அதைத் தொடவில்லை. திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறியவர்களை இரண்டு பேராக எண்ணிவிடும் வழக்கத்தை அந்தக் கட்டுரை நிறுத்திவைத்தால் அதுவே பெரிய லாபம்.

நாளைக் காலை முதல் அமர்வில் வேலண்ட் பாப்டிஸ்ட் கல்லூரியின் ‘ஃப்ளையிங் குவீன்ஸ்’ பற்றிப் பேசப்போகும் இளைஞரின் சுருக்கத்தைப் படித்தேன். 1953 முதல் 1958 வரை அவர்கள் தொடர்ந்து வென்ற 131 ஆட்டங்கள் ஏ.ஏ.யூ. என்ற அமெச்சூர் விளையாட்டு அமைப்பின் போட்டிகளில் ஆடியவை, எனவே கல்லூரிச் சாதனையாகாது, கனெக்டிகட்டின் 111தான் நிற்கும் என்று அவர் முடிக்கிறார். வேலண்ட் பெண்கள் வகுப்புக்குப் போன மாணவிகள்; கூடைப்பந்துக்காகக் கல்லூரி அவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. அவர்களோடு மோதக் கல்லூரி அணிகள் போதவில்லை என்றால் அது யாருடைய குறை? அவருடைய அட்டவணையில் அந்த 131க்கு ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லி நான் எழுந்து கேட்கப்போகிறேன், பதிலோடு வரச்சொல்லுங்கள். நேரக் காப்பாளர் இரண்டாவது துண்டுச்சீட்டை அனுப்பிவிட்டார். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன். அவருக்கு இருபது நிமிடம், எனக்குக் கொடுத்த சலுகை அவருக்குக் கிடையாது.