பட்டத்துக்கும் பதவிக்கும் இடையிலே: துருவ ஆய்வுக்குப் புறப்படும் எமது பிள்ளைகளுக்காக

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பல்கலைக்கழகங்களில் பணிபுரியும் பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து எழுதி வாசித்த உரை)



நூற்றாண்டு விழாவில் பேச வருபவர்கள் கடந்த காலத்தைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அதை எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த மண்டபத்தின் முன்வரிசையில் இருக்கிறார்கள். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு உயர்கல்வி. அது பெரிய வயல். அதில் ஒரு சிறு வரப்பை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். கலாநிதிப் பட்டம் பெற்ற ஒரு பெண், வட துருவத்தையோ தென் துருவத்தையோ ஆராய விரும்பினால், அடுத்த சில வருடங்களுக்கு அவளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? இதுதான் எங்கள் கேள்வி.

"நெருப்பு வெயிலில் இருக்கிற எங்களுக்குப் பனிக்கட்டியைப் பற்றி என்ன கவலை?" என்று சிலர் நினைக்கலாம். எமது குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். கடல் மட்டம் உயர்ந்தால் அந்த நன்னீர்ப் படை மெலியும். நெடுந்தீவில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடல் எவ்வளவு உயரும் என்பதைத் தீர்மானிக்கும் பெரிய காரணிகளில் ஒன்று அந்தாட்டிக்காவில் இருக்கிறது. அங்குள்ள பனி முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் ஏறக்குறைய 58 மீற்றர் உயரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முழுவதும் உருகுவது நாங்கள் காணப்போகிற விடயம் அல்ல. ஆனால் மேற்கு அந்தாட்டிக்காவில் துவைற்ஸ் என்றொரு பனிக்கட்டியாறு இருக்கிறது. அதன் பரப்பு ஏறக்குறைய 192,000 சதுர கிலோமீற்றர். எங்கள் இலங்கையைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அது ஒன்று கரைந்தாலே கடல் 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயரும். எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதை அறியவே பிரித்தானியாவும் அமெரிக்காவும் 2018இல் ஒரு கூட்டு ஆய்வைத் தொடங்கின. அத்தகைய ஆய்வுகளில் பனியைத் துளைப்பது, கருவிகளைக் காப்பது, இரவு பகலாகத் தரவுகளைப் பார்ப்பது போன்ற வேலைகளில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் பட்டம் பெற்றுச் சில வருடங்களே ஆன இளம் ஆய்வாளர்கள்.

இனி அந்தச் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலாநிதிப் பட்டம் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எங்கள் வீடுகளில் நினைப்பார்கள். பொன்னாடை போர்த்துவார்கள், பத்திரிகையில் படம் போடுவார்கள். உண்மையில் விஞ்ஞானத்தில் அது நுழைவுச் சீட்டு மட்டுமே. நிரந்தரப் பதவி கிடைக்கும் முன் இரண்டு, நான்கு, சில வேளை எட்டு வருடங்கள் தற்காலிக ஒப்பந்தங்களில் போகும். கலாநிதிப் பட்டத்தின் பின்னான ஆய்வுப் புலமைப்பரிசில் என்பது இந்தக் காலத்துக்கானது. இன்னொரு பேராசிரியரின் திட்டத்தில் கூலிக்கு வேலை செய்யாமல், தன் சொந்தக் கேள்வியைத் தானே ஆராய ஒருத்திக்குக் கிடைக்கும் சம்பளம் அது.

துருவ ஆய்வில் இந்த இடைவெளி இன்னும் கடினமானது. அந்தாட்டிக்காவில் களவேலை செய்யக்கூடிய காலம் பெரும்பாலும் நவம்பர் முதல் பெப்ரவரி வரையான கோடை மட்டுமே. கப்பலிலும் விமானத்திலும் இடம் ஒரு வருடம், இரண்டு வருடம் முன்னதாகவே ஒதுக்கப்படும். பல், இருதயம், இரத்தம் என்று எல்லா மருத்துவப் பரிசோதனைகளிலும் தேற வேண்டும். காலநிலை குழம்பி ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். புலமைப்பரிசிலோ இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். ஆகவே பணம் கிடைத்தால் மட்டும் போதாது. அந்தப் பணம் பருவத்தோடும் கப்பலோடும் பொருந்தி வர வேண்டும்.

பெண்களுக்கு இந்த வழி திறந்ததே அண்மையில்தான். அமெரிக்கக் கடற்படை பெண்களை அந்தாட்டிக்காவுக்கு ஏற்றிச் செல்ல நெடுங்காலம் மறுத்து வந்தது. 1969இல்தான் ஒகையோ அரச பல்கலைக்கழகத்தின் லொயிஸ் ஜோன்ஸ் நால்வர் கொண்ட பெண்கள் குழுவுடன் அங்கே கல்லையும் நீரையும் ஆராயப் போனார். அந்த நவம்பரில் ஆறு பெண்கள் கைகோத்துக்கொண்டு தென் துருவத்தில் ஒன்றாகக் கால் பதித்தார்கள். யார் முதலாமவர் என்ற கேள்வியே எழக்கூடாது என்பதற்காக! 1983–84 பருவத்தில் இந்தியாவிலிருந்து சுதிப்தா சென்குப்தாவும் அதிதி பந்தும் போனார்கள். 1990–91இல் ஜேர்மனியின் நொய்மாயர் நிலையத்தில் ஒன்பது பெண்கள் மட்டுமே சேர்ந்து மாரிகாலம் முழுவதையும் கழித்தார்கள்.

இவர்களுக்குள் சூசன் சொலமனைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் படை மெலிவதை 1985இல் பிரித்தானிய விஞ்ஞானிகள் மூவர் அறிவித்தார்கள். காரணம் தெரியவில்லை. அடுத்த வருடமே சொலமன் ஓர் ஆய்வுக் குழுவைத் தலைமைதாங்கி மக்மேர்டோ நிலையத்துக்குச் சென்றார். அவருக்கு வயது 30. கலாநிதிப் பட்டம் பெற்று ஐந்தே வருடம். குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட இரசாயனப் பொருள்களிலிருந்து வரும் குளோரினே காரணம் என்பதற்கு அந்த ஆய்வுகள் வலுவான சான்று தந்தன. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. அந்த வயதில் அவருக்கு ஓர் அரச ஆய்வுகூடத்தில் நிலையான வேலை இருந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அடுத்த மாத வாடகைக்கு வழி தேடிக்கொண்டிருந்திருந்தால் அவர் அந்தப் பயணத்துக்குப் போயிருக்க முடியுமா?

சரி, எமது பிள்ளைகளுக்கு எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன? எங்களில் பலர் பல நாடுகளிலிருந்து சேகரித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நிபந்தனைகள் காலத்துக்குக் காலம் மாறுவதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவித்தலைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி புலமைப்பரிசிலுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். சம்பளத்தோடு குடும்பக் கொடுப்பனவும் உண்டு. ஆனால் முந்திய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்த நாட்டையே ஆய்வு செய்யும் நாடாகத் தெரிவு செய்ய முடியாது. நோர்வேயில் பட்டம் முடித்தவள் உடனே நோர்வேக்கே விண்ணப்பிக்க முடியாது. ஜேர்மனிக்கோ பிரான்சுக்கோ போகலாம். பட்டத்தின் பின் எட்டு வருட ஆய்வு அனுபவம் என்ற எல்லையும் இருந்து வருகிறது. பிள்ளைப்பேற்று விடுப்பு போன்ற இடைவெளிகளை அதில் கணக்கிடுவதில்லை. இதை அறியாமல் "எனக்குக் காலம் கடந்துவிட்டது" என்று ஒதுங்கியவர்கள் உண்டு.

ஜேர்மனியின் ஹம்போல்ட் மன்றம் எல்லா நாட்டவருக்கும் ஆறு முதல் இருபத்துநான்கு மாதங்கள் வரை உதவுகிறது. பிரேமர்ஹாவனிலுள்ள அல்பிரட் வெகனர் நிறுவனம் போன்ற துருவ ஆய்வு நிலையங்களில் அங்குள்ள ஒருவர் ஏற்றுக்கொண்டால் பணிபுரியலாம். யப்பானின் விஞ்ஞான மேம்பாட்டுச் சங்கமும் இதே போல் உதவுகிறது. அங்கே தேசியத் துருவ ஆய்வு நிறுவனம் தோக்கியோவுக்கு அருகே தச்சிகாவாவில் இருக்கிறது.

சில கதவுகள் வதிவிடத்தைப் பார்த்தே திறக்கும். அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிதியத்தின் துருவப் புலமைப்பரிசில் அமெரிக்கப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களுக்குமே உரியது. அந்தாட்டிக் ஆய்வுக்கான விஞ்ஞானக் குழு தரும் உதவு தொகை அண்மைக் காலத்தில் 15,000 அமெரிக்க டொலர் வரை இருந்தது. சில மாதங்கள் இன்னொரு நாட்டின் ஆய்வுகூடத்தில் பயிற்சி பெற அது போதும். ஆனால் விண்ணப்பிப்பவர் அக்குழுவின் உறுப்பு நாடொன்றைச் சார்ந்தவராக இருக்க வேண்டும். இலங்கை அதில் உறுப்பினர் அல்ல. 1959இல் ஒப்பமிடப்பட்ட அந்தாட்டிக் உடன்படிக்கையிலும் இலங்கை இன்னும் சேரவில்லை. ஆகவே, ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்த இருவரில், கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போனவளுக்கு இந்தக் கதவு திறக்கும். பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவளுக்குத் திறக்காது. கெட்டித்தனம் ஒன்றுதான். முகவரிதான் வேறு.

இந்த இடத்தில்தான் சங்கத்தின் வேலை வருகிறது. புலமைப்பரிசில் தருவது எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. அதை அரசாங்கங்களும் பெரிய மன்றங்களும்தான் செய்ய முடியும். ஆனால் எங்களில் பலர் கண்டது இது: பெண் பிள்ளைகள் பின்வாங்குவது பெரும்பாலும் பெரிய தொகைக்காக அல்ல, சிறு தொகைக்காக. பட்டம் முடிந்து முடிவு வரும் வரை நான்கைந்து மாதம் சம்பளம் இல்லை. விசாக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் உறுதிப்படுத்தல், நேர்முகத்துக்கான பயணம் என்று செலவு வரும். வடக்கே ஸ்வால்பார்டுக்குப் போக நோர்வே விசா தேவையில்லை என்று சொல்வார்கள். ஆனால் ஒஸ்லோ வழியாகப் போய்த் திரும்ப இரு தடவை நுழையும் செங்கன் விசா வேண்டும். அதற்கும் வங்கியில் பணம் காட்ட வேண்டும். இதற்கிடையில் வீட்டில் கலியாணப் பேச்சு. தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலை கிடைத்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அது தாழ்ந்த வேலை என்று நாங்கள் சொல்லவில்லை. அவள் விரும்பியது அது அல்ல என்றுதான் சொல்கிறோம்.

ஆகவே நூற்றாண்டு நிதியில் பத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கும்படி நாங்கள் கேட்கிறோம். மூன்று செலவுகளுக்கு மட்டும்: விண்ணப்பச் செலவு, பட்டத்துக்கும் முதற் சம்பளத்துக்கும் இடையில் மூன்று மாதச் சீவனம், கைக்குழந்தையுள்ள ஆய்வாளர் களத்துக்குப் போகும்போது பிள்ளையைப் பார்க்கும் செலவு. திருப்பித் தரத் தேவையில்லை. நிலையான வேலை கிடைத்ததும் அதே தொகையை இன்னொருத்திக்காக நிதியில் இட வேண்டும் என்று மனச்சாட்சியின் பேரில் ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான். துருவ ஆய்வுக்கு மட்டுமல்ல, எந்த விஞ்ஞானத் துறைக்கும் இது பொருந்தலாம். ஆனால் மிகக் கடினமான வழியை மனதில் வைத்து விதிகளை எழுதினால் மற்றவர்களுக்கும் அது போதும்.

"விஞ்ஞானகூடத்தின் கூரை ஒழுகுகிறது. அதைவிட்டுத் துருவமா?" என்று செயற்குழுவில் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. கூரைதான் முதலில், அதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சு இல்லை. அதனால்தான் பத்தில் ஒன்பது பங்கைக் கல்லூரிக்கே விட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கூரையின் கீழ் பரிசோதனை செய்கிற பிள்ளை எங்கே போய்ச் சேரலாம் என்பதும் கல்லூரியின் கணக்கில் சேர வேண்டும். எமது முன்னோர் இந்தக் கல்லூரியைத் தொடங்கியபோது பெண் பிள்ளைக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

பணத்தைவிடப் பெரிய உதவி ஒன்றும் உங்களிடம் இருக்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் சகோதரிகளே, உங்கள் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பனியையோ கடலையோ வளிமண்டலத்தையோ ஆராய்பவர் யார் என்று பார்த்துச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். முதல் மாதத்துக்கு ஓர் அறை கொடுங்கள். 2007–08 சர்வதேசத் துருவ ஆண்டை ஒட்டி உருவான இளம் துருவ விஞ்ஞானிகளின் உலக அமைப்பு ஒன்று இருக்கிறது. பட்டப்படிப்பு மாணவிகளும் அதில் சேரலாம். எமது தங்கைமார் இன்றே சேரட்டும்.

அடுத்த சர்வதேசத் துருவ ஆண்டு 2032–33இல் வருகிறது. இன்று பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்தில் இருக்கும் எமது பிள்ளை அப்போது கலாநிதிப் பட்ட ஆய்வில் இருக்கலாம், அல்லது அதை முடித்திருக்கலாம். துருவத்துக்கென்று தனிப் பாடம் எதுவும் உயர்தரத்தில் இல்லை. பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், கணிதம், புவியியல் எல்லாமே அங்கே போகும் வழிகள். வைத்தியர்களும் பொறியியலாளர்களும்கூட அங்கே தேவை. அவளுடைய பெயர் எங்களுக்கு இன்னும் தெரியாது. ஆனால் அவள் விண்ணப்பம் எழுதும் நாளில் அவளுக்குப் பின்னால் ஒரு சங்கம் நிற்க வேண்டுமானால், அந்தத் தீர்மானத்தை இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் எடுக்க வேண்டும்.

தீர்மானத்தின் வரைவு உங்கள் கதிரைகளில் வைக்கப்பட்டிருக்கிறது. வாசியுங்கள், திருத்தம் இருந்தால் எழுதுங்கள், கை உயர்த்துங்கள் என்று உரிமையோடு கேட்டு அமர்கிறோம்.