விடைத்தாளில் பிழை திருத்தும் முறை



எழுதும் கைக்குப் பிழை நேர்வது இயல்பு. மூன்று மணி நேரத்தில் பல பக்கங்களை நிரப்பவேண்டிய தேர்வில் அது மேலும் இயல்பு. பிழை நேர்ந்ததற்காக எவரும் உங்களை இகழப் போவதில்லை. ஆனால், திருத்திய விதம் தெளிவாக இராவிட்டால் திருத்தமே புதிய பிழையாகிவிடும். இதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்தை அழித்தல் இயலாது. படியெடுத்தோர் தெளிவின்றி விட்டவை பின்வந்தோரைப் பெரிதும் வருத்தின. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல ஏடுகளை ஒப்புநோக்கியே உண்மைப் பாடத்தைத் துணிந்தார். அவருக்கு ஆண்டுக்கணக்கில் பொழுது இருந்தது. உங்கள் தாளைத் திருத்தும் ஆசிரியருக்கோ சில நிமிடங்களே உண்டு. ஒப்புநோக்க வேறு ஏடும் இல்லை.

அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் பணியாற்றிய காலத்தில், கோடைதோறும் விடைத்தாள் திருத்தும் முகாம்களில் நானும் அமர்ந்ததுண்டு. அங்கு மிகுதியாகக் கண்டது எழுத்தின்மேல் எழுத்து. 3 என்பதை 8 ஆக்குவர். 1 என்பதை 7 ஆக்குவர். லகரத்தின்மேல் ளகரத்தை ஏற்றுவர். மாணவர் கருதியது எது? ஐயத்திற்கு மதிப்பெண் வழங்க ஆசிரியருக்கு உரிமையில்லை. பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்கு 35 வேண்டும். 34இல் நிற்பவருக்கு அந்த ஓர் எழுத்தின் விலை என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

தெளிவான திருத்தத்திற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. பூவிருந்தவல்லியில் பார்வைத்திறன் குறைந்தோர்க்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பிரெயில் முறையில் எழுதுவோர் ஓர் எழுத்துத் தவறினால், அவ்விடத்தில் ஆறு புள்ளிகளையும் குத்திவிட்டு மேலே செல்வது வழக்கம். விரல் பட்டவுடன், 'இது வேண்டாம்' என்பது விளங்கிவிடுகிறது.

நீங்களும் அவ்வாறே செய்யலாம். தவறிய சொல்லின் நடுவே ஒரே கோடு இடுங்கள். சரியான சொல்லை அடுத்தாற்போல் முழுமையாக எழுதுங்கள். ஓர் இலக்கம் தவறினாலும் எண் முழுவதையும் அடித்து மீண்டும் எழுதுங்கள். ஒரு விடை முழுவதும் வேண்டாமெனில், மூலைக்கு மூலை ஒரு கோடு போதும். விடை வேறிடத்தில் தொடருமாயின் பக்க எண்ணைக் குறியுங்கள். வெள்ளை மை பூசினால் அது உலரும்வரை காத்திருக்க நேரும். பிறகு அவ்விடம் வெற்றிடமாகவே நின்றுவிடுவதும் உண்டு. சிவப்பு மை ஆசிரியருக்கு உரியது, அதைத் தொடாதீர்கள்.

புதிய விடையை எழுதி முடிக்கும்முன் பழைய விடையை அடிக்க வேண்டாம். மனங்கலங்கி எல்லா விடைகளையும் தாமே அடித்துவிட்டு வருவோரும் உளர். அத்தகையோர் அடுத்த இரு பருவங்களுக்குத் தேர்வு எழுத இயலாது என அரசுத் தேர்வுத்துறை எச்சரித்ததுண்டு. ஒரு வேளையின் கலக்கத்திற்கு ஓராண்டை விலையாகக் கொடுக்கலாமா?

இப்பழக்கம் தேர்வு நாளில் வருவதன்று. அன்றாட வீட்டுப்பாடத்தில் வருவது. நாளைய குறிப்பேட்டிலேயே தொடங்குங்கள். தேர்வின் கடைசிப் பத்து நிமிடங்களைத் திருத்தத்திற்கென ஒதுக்குங்கள். உங்கள் எண்ணம் ஐயமின்றி ஆசிரியரைச் சென்றடையும்.