அந்திக்கு வைத்த பாரம்

நோட்டன் அணைக்கட்டின் மேல் மூட்டம் இறங்கியிருந்த ஒரு நாள். வகுப்பில் வான்பலூன் பற்றிய கட்டுரையொன்றை வாசித்துக்கொண்டிருந்தோம். "சேர், மேலே போகப் பாரம் குறையவேண்டுமே, பிறகு எதற்குப் பாரத்தைக் கட்டிக்கொண்டு போகிறார்கள்?" என்று கேட்டாள் ஒரு மாணவி.

கேட்கவேண்டிய கேள்விதான். 1783 டிசம்பர் முதலாந் திகதி பாரிஸில் பலூனேறிய சார்ல்ஸும் மணல் மூட்டைகளோடுதான் ஏறினார். 2005இல் ஹைதராபாத்திலிருந்து 459 கிலோ கருவிகளோடு எழும்பிய பலூன், 41 கிலோமீற்றர் உயரம்வரை காற்றைச் சேகரித்தது. அவ்வளவு உயரத்தில் நெடுநேரம் மிதக்கவேண்டுமானால் அடிப்பாரம் தேவை. பகல் வெயிலில் வாயு விரியும். மிஞ்சியது கீழ்வாயால் வெளியேறிவிடும். அந்தியில் எஞ்சிய வாயு குளிர்ந்து சுருங்கும். பலூன் இறங்கத் தொடங்கும். அப்போது இரும்புத்துகளைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொட்டினால்தான் உயரம் நிலைக்கும். போன வாயு திரும்பாது. கொட்டிய துகளும் திரும்பாது. பாரம் தீர்ந்தபின் வரும் அந்தியில் பலூன் இறங்கியே ஆகவேண்டும்.

இதைச் சொல்லி முடித்ததும் அவள் மெல்லச் சொன்னாள்: "எங்கள் அம்மாவின் நகை மாதிரி, சேர்."

கொழுந்து பறிக்கும் தாய். தவணைக்கொன்றாக வளையல் போயிற்று, தோடு போயிற்று. அடகுக்கடைக்குப் போனவை திரும்பவில்லை. மகள் உயர்தர வகுப்புக்கு வந்துவிட்டாள். இன்னும் இரண்டு தவணை இருக்கின்றது. தாயிடம் மிஞ்சியிருப்பது தாலி மட்டுமே.

அன்றுமுதல் காலையில் இடாப்பு எடுக்கும்போது, அவள் குரல் கேட்ட பிறகே அடுத்த பெயருக்குப் போகிறேன்.