பெண்ணுக்குக் காவல் எதற்கு?



இன்று நாம் ஒரு ருஷிய சினிமாப் படத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். இந்த மேடையில் சினிமாவுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பெண்களைப் பற்றி நாம் வெகு காலமாய்ச் சொல்லிவரும் சங்கதி ஒன்று அதில் இருக்கிறபடியால்தான் அதை எடுத்துக்கொண்டோம்.

படத்தின் பெயர் ‘இங்கே விடியல்கள் அமைதியானவை’ என்பது. போரிஸ் வசீலியெவ் 1969 இல் எழுதிய கதையை, யுத்தத்தில் ஒரு காலை இழந்தவரான ரஸ்தோத்ஸ்கி 1972 இல் படமாக்கினார்.

கதை நடப்பது 1942 இல், கரேலியாக் காட்டில். அங்கே ஒரு ரயில் நிறுத்தத்தைக் காக்கும் வஸ்கோவ் என்கிற சிறு அதிகாரி, தன் சிப்பாய்கள் குடித்துவிட்டுப் பெண்கள் பின்னால் திரிவதாகவும், ஒழுக்கமானவர்களாய் அனுப்பும்படியும் மேலிடத்துக்கு முறையிடுகிறான். மேலிடம் என்ன செய்தது? விமானங்களைச் சுடும் படையிலிருந்த பெண்களையே அனுப்பிவிட்டது! இது வெறுங் கற்பனையல்ல. 1942 மார்ச்சில் அப்படைக்கு ஒரு லட்சம் பெண்களைச் சேர்க்கும்படி சோவியத் அரசாங்கம் உத்தரவிட்டது. அந்த யுத்தத்தில் சோவியத் படைகளில் இருந்த பெண்கள் சுமார் 8 லட்சம்.

காட்டில் இரண்டு ஜெர்மானியரைக் கண்டதாக ரீத்தா சொல்ல, வஸ்கோவ் ஐந்து பெண்களோடு புறப்படுகிறான். எண்ணிப் பார்த்தால் எதிரிகள் 16 பேர்! ஆயினும் வழியை விடவில்லை. உதவி கேட்டு ஓடிய லீஸா சதுப்பில் மூழ்குகிறாள். சோனியா கத்தியால் குத்துண்டு சாகிறாள். கால்யா பயந்து ஓடிச் சுடப்படுகிறாள். ஷேன்யா எதிரிகளைத் தன் பக்கம் இழுத்துக் கடைசிவரை சுடுகிறாள். ‘பார்த்தீர்களா, ஒருத்தி பயந்தாளே’ என்பார்கள். பயந்த ஆண்களைக் கண்டு, ஆண் ஜாதிக்கே துப்பாக்கி ஆகாது என்று எவராவது சொன்னதுண்டா?

முக்கியமான இடம் இனிமேல்தான். ரீத்தா படுகாயமடைந்து சாகக் கிடக்கிறாள். வஸ்கோவ் மனம் நொந்து, ஆண்களாகிய நீங்கள் எங்கள் தாய்மாரை ஏன் காப்பாற்றவில்லை என்று நாளை பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்கிறான். நல்ல மனம்தான். ஆனால் ரீத்தா அதை ஏற்கவில்லை. நாங்கள் நாட்டைக் காக்க நின்றோம் என்கிற கருத்தில் பதில் சொல்லுகிறாள்.

தோழர்களே! வஸ்கோவின் துக்கத்திலும் பெண் காக்கப்பட வேண்டிய பொருளாகவே இருக்கிறாள். ரீத்தாவின் பதிலில் அவள் காக்கிறவள். நம் மனுதர்மமோ, இளமையில் தகப்பன், பிறகு புருஷன், முதுமையில் மகன் காவல் என்று விதித்து, பெண் சுதந்தரத்துக்கு உரியவளல்ல என்று முடிக்கிறது. காவல் என்றால் அன்பு என்று நினைக்கிறோம். காவலோடு பூட்டும் சாவியும் வருவதை நினைப்பதில்லை.

இன்னொரு மோசமும் உண்டு. செத்த பெண்ணைத் தியாக தேவி என்று கும்பிடுவது சுலபம். உயிரோடிருப்பவளுக்குச் சமஉரிமை கொடுப்பதுதான் கஷ்டம். ருஷியாவிலேயே 1945 இல் யுத்தம் முடிந்ததும் அப்பெண்களில் மிகப் பெரும்பாலோரைப் படையிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஆபத்து வந்தால் அழைப்பதும், தீர்ந்தால் அனுப்புவதும் சமத்துவமாகுமா?

ஆகையால் தாய்மார்களே, உங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வருகிறவர்களிடம், எங்கள் சொத்துரிமையும் படிப்பும் உத்தியோகமும் எங்கள் கையில் இருக்கட்டும், காவலை நாங்களே பார்த்துக்கொள்ளுகிறோம் என்று சொல்லுங்கள். ஆண்களாகிய தோழர்களே, அதைக் கேட்டுக் கோபிக்காதிருக்கப் பழகுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.